தாளில் யார் பெயர்? வெளிநாட்டு வேலை விசா: வாசகர் கேள்வி, பதில்

வேலை விசா பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயர் இல்லை, ஊர் மட்டும். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: தம்பிக்கு டுபாயில் ஹோட்டல் வேலை இருக்கிறதாம். விசிட் விசாவில் போய் இறங்கிய பிறகு அங்கேயே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் தெரிந்த ஒருவர். நாலரை இலட்சம் கேட்கிறார், பாதி முற்பணம். நம்பலாமா? (கொட்டாஞ்சேனை)

மாற்றலாம் என்பது முழுப் பொய்யில்லை. ஆட்கள் ஏமாறுவதே அதனால்தான். ஒரு கம்பனி உங்கள் தம்பிக்கு வேலை அனுமதி எடுத்துவிட்டால், ஐக்கிய அரபு அமீரகத்தை விட்டு வெளியேறாமலே விசிட் நிலையை மாற்ற முடியும். ஆனால் அந்த அனுமதி கைக்கு வரும்வரை ஹோட்டலில் ஒரு கோப்பையைக் கழுவினாலும் அது சட்டவிரோத வேலை. விசிட் முடிந்த பிறகு தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம் ஏறிக்கொண்டே போகும். அனுமதியில்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024 ஓகஸ்ட் 31 முதல் தண்டம் 1 இலட்சம் திர்ஹத்திலிருந்து 10 இலட்சம் வரை. ஒழுங்கான ஹோட்டல் அந்தப் பக்கமே போகாது. போகத் துணிகிற ஹோட்டல் சம்பள விஷயத்தில் எப்படி நடக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சரியான வழி இப்படிப் போகும். முதலில் அந்நாட்டு மனிதவள அமைச்சின் படிவத்தில் வேலைக் கடிதம் வரும். கம்பனியின் லெட்டர்ஹெட்டில் அடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவது அந்தக் கடிதமல்ல. அமைச்சின் படிவத்தில் பார்கோடும் பரிவர்த்தனை இலக்கமும் இருக்கும், அந்த இலக்கத்தை அமைச்சின் இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அரபு, ஆங்கிலம் தவிர மூன்றாவது மொழியிலும் அது கிடைக்கும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கையெழுத்திட்டு அனுப்பிய பிறகு கம்பனி வேலை அனுமதி எடுக்கும். அடுத்து வேலைக்கான நுழைவு அனுமதி வரும், அதைக் கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். அங்கே இறங்கியதும் மெடிக்கல், கைரேகை, எமிரேட்ஸ் அடையாள அட்டை.

தாள் கைக்கு வந்தால் பலர் சம்பளத்தின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மடித்து வைக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். 1800 திர்ஹம் என்பது 1500 அடிப்படையும் 300 படியுமாக (அலவன்ஸ்) இருக்கலாம், 800 அடிப்படையும் 1000 படியுமாகவும் இருக்கலாம். மாதா மாதம் கையில் விழுவது ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது வேலை முடிந்து வரும்போது. பணிக்கொடை ஒரு வருடமாவது முடித்தவருக்குத்தான், முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில். இரண்டு வருடம் முடித்தவருக்கு முதல் கணக்கில் 2100 திர்ஹம், இரண்டாவதில் 1120. ஓவர்டைமும் அடிப்படையை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

இனி நாலரை இலட்சம். ஆள் சேர்க்கும் செலவை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் தொழில் சட்டமே சொல்கிறது. இங்கே இலங்கையில் முகவர் நிலையம் வாங்கக்கூடியது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அனுமதித்த தொகையை மட்டும். அந்த நிலையத்துக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, குறிப்பிட்ட அந்த வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் உள்ள இடத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஒப்புதலே இல்லாத வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் உண்டு. பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்தால் தெரிந்துவிடும். காசு கொடுத்தால் முகவர் நிலையத்தின் பற்றுச்சீட்டு வேண்டும். ‘தெரிந்த ஒருவர்’ தன் கணக்குக்குப் போடச் சொன்னால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வேலைக்குப் போகிறவர் புறப்படும் முன்பே பணியகத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவு வேலை விசாவையும் ஒப்பந்தத்தையும் வைத்துத்தான். பதிவு இல்லையென்றால் காப்புறுதியும் இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்தே திரும்பி வர நேரிடலாம்.

கேள்வி: சவூதிக்கு ‘ஃப்ரீ விசா’ ஒன்று 6 இலட்சத்துக்கு இருக்கிறதாம். கபீலுக்கு (விசாவை எடுத்த முதலாளிக்கு) மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்கிறார்கள். (தெமட்டகொடை)

சவூதி அரசு ஃப்ரீ விசா என்று ஒன்றை அச்சடிப்பதே இல்லை. நீங்கள் வாங்கப்போவது யாரோ ஒருவரின் பெயரில், ஏதோ ஒரு தொழிலுக்கு எடுத்த சாதாரண விசா. விசாப் பிரதியை வாங்கி அதில் தொழில் என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டுச் சாரதி அல்லது ‘ஆமில்’, அதாவது கூலியாள், என்றிருக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஏசி திருத்தும் கடையில் நின்றால், கடைக்காரரும் குற்றவாளி, கபீலும் குற்றவாளி, நீங்களும் குற்றவாளி. தன் ஆளை வேறொருவரிடம் வேலை செய்ய விடக் கூடாது என்று சவூதித் தொழில் சட்டத்தின் 39ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது.

கபீல் ஏன் மாதக் காசு கேட்கிறார்? அங்கே பல கம்பனிகள் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் மாதம் 700 அல்லது 800 ரியால் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். அக்காமா (வதிவிட அனுமதி அட்டை) புதுப்பிப்பு வருடத்துக்கு 650 ரியால், அது வேறு. 800 கணக்கில் பார்த்தால் வருடத்துக்குப் பத்தாயிரம் ரியாலைத் தாண்டுகிறது. இவை முதலாளியின் செலவு என்பது 40ஆம் பிரிவு. ஃப்ரீ விசாவில் அந்தச் செலவு உங்கள் தலையில் வந்து விழுகிறது, மேலே கபீலின் இலாபமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு மாதம் கொடுக்க முடியாமல் போனால் அவர் செய்ய வேண்டியதெல்லாம் வேலைக்கு வரவில்லை என்று அறிவிப்பதுதான். அதற்குப் பெயர் ‘ஹுரூப்’. அதன்பின் அக்காமா புதுப்பிக்க முடியாது, வங்கிக் கணக்கு முடங்கும், பிடிபட்டால் தடுப்பு முகாமும் நாடு கடத்தலும்.

2021 மார்ச் 14க்குப் பிறகு சவூதியில் கம்பனித் தொழிலாளிக்கு வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஒரு வருடம் முடித்தவர் முன்னறிவித்தல் கொடுத்து, கிவா என்ற அரசாங்க இணையத்தளம் வழியாக, பழைய முதலாளியின் சம்மதமில்லாமலே மாறலாம். மூன்று மாதச் சம்பளம் வராவிட்டாலோ அக்காமா காலாவதியாகிவிட்டாலோ ஒரு வருடம் காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் வீட்டுச் சாரதி, வீட்டுப் பணியாளர் விசாக்களுக்கு இந்த வசதி கிடையாது. ஃப்ரீ விசாவாக விற்கப்படுவதில் வீட்டுச் சாரதி விசா எவ்வளவு என்பதை நினைத்துப் பார்த்தால் மிச்சம் விளங்கும்.

கேள்வி: மகன் கட்டாரில் கட்டிடக் கம்பனியில் ஒன்றரை வருடம். வேறு இடத்தில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை வந்திருக்கிறது, கம்பனி என்ஓசி (ஆட்சேபணையில்லை என்ற கடிதம்) தர மறுக்கிறது. சாப்பாட்டுக்கென்று சம்பளத்தில் வெட்டுகிறார்களாம். (மட்டக்குளி)

என்ஓசி தேவையில்லை. 2020ஆம் ஆண்டின் 18, 19ஆம் இலக்கச் சட்டங்களோடு அது போய்விட்டது. இரண்டு வருடத்துக்குள் இருப்பவர் ஒரு மாத முன்னறிவித்தல், அதற்கு மேற்பட்டவர் இரண்டு மாதம். மகனுக்கு ஒரு மாதம். நன்னடத்தைக் காலத்திலேயே மாறுவதாக இருந்தால் பழைய கம்பனிக்குப் புதிய முதலாளி ஒரு இழப்பீடு கொடுக்க வேண்டும். அது மகனின் இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றரை வருடம் ஆனவருக்கு அந்தப் பேச்சு இல்லை.

விண்ணப்பம் தொழில் அமைச்சின் இணையத்தளத்தில். புதிய முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும். கட்டார் அடையாள அட்டை, அதுதான் ‘பத்தாக்கா’, செல்லுபடியாக இருக்க வேண்டும், அல்லது காலாவதியாகி 90 நாளுக்குள் இருக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வரும். பிறகு புதிய ஒப்பந்தம் இணையவழியில் கையெழுத்தாகி, பத்தாக்கா புதிய கம்பனியின் பெயருக்கு மாறும்.

பையன்கள் பிழைவிடும் இடம் ஒன்றே ஒன்று. ‘நாளைக்கே வா’ என்று புதிய இடம் அவசரப்படுத்தும், இவர்களும் முன்னறிவித்தல் முடியுமுன் பழைய இடத்துக்குப் போவதை விட்டுவிடுவார்கள். ஆள் ஓடிவிட்டார் என்று பழைய கம்பனி முறைப்பாடு கொடுத்துவிட்டால் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். கடைசி நாள்வரை வேலைக்குப் போகச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சாப்பாட்டு விஷயம்: 2021 மார்ச் 20 முதல் கட்டாரில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1000 ரியால். சாப்பாட்டைக் கம்பனி தராவிட்டால் அதற்கு மேல் 300, தங்குமிடம் தராவிட்டால் இன்னும் 500. அதாவது 300 என்பது ஆயிரத்துக்கு மேலே சேர வேண்டிய காசு. ஆயிரத்திலிருந்து 300ஐக் கழித்து 700 கொடுப்பது சட்டத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்தில் மெடிக்கலும் கைரேகையும் எடுத்த அன்று மகன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று முதலில் பாருங்கள். புதிதாகப் போகிறவர்களுக்கும் சொல்லி வைக்கிறோம்: ஏஜென்சி சொன்ன சம்பளம் அந்த ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்திடாமல் எழுந்து வரலாம். டோஹாவில் இறங்கிய பிறகு அந்த வசதி இருக்காது.

கேள்வி: வளைகுடா மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ என்று வந்துவிட்டது. எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஏஜென்சி காசைத் திருப்பித் தரவில்லை. (வத்தளை)

சிறு வயதில் வந்து குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் அன்ஃபிட்தான். ஹெப்படைட்டிஸ் பி இருப்பதே தெரியாமல் பலர் நன்றாக நடமாடுகிறார்கள், அதுவும் அப்படித்தான். அறிக்கையில் காரணம் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். காசு விஷயத்தில் பற்றுச்சீட்டோடு பத்தரமுல்லையில் பணியகத்துக்குப் போய் முறைப்பாடு கொடுங்கள். மற்றவர்களுக்கு: முதலில் மெடிக்கல், பிறகு காசு. சந்தேகம் இருந்தால் சொந்தச் செலவில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டே ஏஜென்சிப் படி ஏறுங்கள்.

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கும் உறவினர், அங்கே ஒரு ரெஸ்டூரன்ட் முதலாளி எல்எம்ஐஏ தருவார், 25,000 டொலர் கொடுத்தால் போதும், பிஆரும் (நிரந்தர வதிவிடமும்) சுலபம் என்கிறார். (வெள்ளவத்தை)

உள்ளூரில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து எடுக்கலாம் என்று கனடா அரசு அந்த முதலாளிக்குக் கொடுக்கும் கடிதம்தான் எல்எம்ஐஏ. விண்ணப்பக் கட்டணம் 1000 கனேடிய டொலர். அதை முதலாளி கட்ட வேண்டும், தொழிலாளியிடம் திருப்பி வாங்கவும் கூடாது. மிச்சம் 24,000 எதற்கு என்று உறவினரையே கேளுங்கள். உங்கள் பக்கம் வேலை அனுமதிக் கட்டணம் 155 டொலர், பயோமெட்ரிக் 85. மெடிக்கல், மொழிபெயர்ப்புச் செலவுகள் வேறு.

‘பிஆர் சுலபம்’ என்பது பழைய கதை. புள்ளி போட்டு பிஆருக்கு ஆள் தெரிவு செய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக்குக் கொடுத்த 50 அல்லது 200 புள்ளியை 2025 மார்ச் 25இல் எடுத்துவிட்டார்கள். காசுக்கு எல்எம்ஐஏ விற்பது பெருகியதும் அதற்கு ஒரு காரணம்.

கடிதம் உண்மையானதாகவே இருந்தாலும் அது விசா அல்ல. விசா அதிகாரி தனியாகப் பார்ப்பார். சமையல்காரர் வேலைக்குக் கடிதம், உங்கள் சேவைக் கடிதங்களோ கணக்காளர் வேலைக்கு என்றால் அந்த இடத்திலேயே நிராகரிப்பு. அதைச் சரிக்கட்ட, ‘பம்பலப்பிட்டியில் சமையல்காரராக ஐந்து வருடம்’ என்று யாரோ அடித்துத் தரும் சேவைக் கடிதத்தை வைத்தீர்களோ, பொய்த் தகவல் தந்ததற்காக ஐந்து வருடத் தடை. அப்படிக் கடிதம் தயாரிப்பவர்கள் கேட்கும் தொகை சின்னதாக இருக்கும், அதனால் பலர் இரண்டு முறை யோசிப்பதில்லை. அனுமதி கிடைத்தாலும் அதில் முதலாளியின் பெயர் இருக்கும், பக்கத்து ரெஸ்டூரன்டில் வேலை செய்ய முடியாது.

கேள்வி: இலண்டனில் முதியோர் இல்லத்தில் கெயார் விசா இன்னும் இருக்கிறதா? (பம்பலப்பிட்டி)

2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்க அந்த வழி மூடப்பட்டுவிட்டது. இன்றைக்கும் அதை விற்கிறவர் உங்களிடம் காசு மட்டும்தான் எடுப்பார். மற்ற ஸ்கில்ட் வேர்க்கர் வேலைகளுக்குப் பொதுவான சம்பள எல்லை அதே நாளில் 41,700 பவுணாக ஏறியது. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க ஸ்பொன்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஸ்பொன்சர் சான்று என்பது கணினியில் இருக்கும் ஒரு இலக்கம், கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். தங்க முத்திரை குத்திய சான்றிதழைக் கையில் தந்தால் அது எங்கோ பக்கத்தில் அச்சடித்தது.

கேள்வி: கொரியாவுக்கு 15 இலட்சம் கேட்கிறார்கள். (கிராண்ட்பாஸ்)

கொடுக்காதீர்கள். ஈபிஎஸ் என்ற கொரிய அரசின் வேலை அனுமதி முறையில் கொரியத் தொழிற்சாலை வேலைக்கு ஆள் அனுப்புவது பணியகம் மட்டும்தான். மொழிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும், தேறியவர்களின் பட்டியலிலிருந்து கொரிய முதலாளி தெரிவு செய்ய வேண்டும். தேறினாலும் தெரிவு நிச்சயமில்லை. நடுவில் முகவருக்கு இடமில்லை.

கேள்வி: செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கைவினைஞரை ஒரு வருடத்துக்கு எடுக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்லிவிட்டுப் பிறகு பார்க்கலாமா? (கொழும்பு 11)

முதல் கேள்வியில் டுபாய்க்காரர் சொன்னதையே நீங்கள் இங்கே செய்யக் கேட்கிறீர்கள், கோபிக்க வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் வந்தவர் உங்கள் பட்டறையில் உட்கார்ந்து ஊதுகுழலைத் தொட்டாலே விசா நிபந்தனை மீறல். வியாபார விசிட் என்பது பேச்சுவார்த்தைக்கும் கூட்டத்துக்கும், பட்டறை வேலைக்கல்ல. பிடிபட்டால் அவர் ஊருக்குப் போவார், நீங்கள் இங்கே வழக்கோடு நிற்பீர்கள்.

அவர் கோயம்புத்தூரில் இருக்கும்போதே வேலை தொடங்க வேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில், பத்தரமுல்லை சுஹுருபாயவில், முதலில் நுழைவு விசாவுக்கு விண்ணப்பம். அது கிடைத்த பிறகு அவர் வரலாம், வந்ததும் அதை வதிவிட விசாவாக மாற்ற வேண்டும். கடையின் வியாபாரப் பதிவு, வேலை ஒப்பந்தம், அவருடைய கடவுச்சீட்டுப் பிரதி, தகுதிச் சான்றுகள், உங்கள் கோரிக்கைக் கடிதம், துறைக்குரிய அமைச்சின் பரிந்துரை ஆகியவை வேண்டும். முதலீட்டுச் சபையின் கீழ் வரும் கம்பனி என்றால் பரிந்துரையும் அங்கிருந்துதான்.

நாள் இழுபடுவது பரிந்துரையில். ‘நகை வேலை தெரிந்தவர்’ என்று எழுதினால், கொழும்பிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கடிதம் திரும்பி வரும், அது நியாயமும்கூட. இன்ன வேலை, இன்ன முறை என்று எழுதுங்கள்: நகாசு வேலைப்பாடுள்ள கோயில் நகை, மெழுகு அச்சு வார்ப்பு, நுண்ணிய கல் பதிப்பு. ஏற்கனவே உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இவர் வந்தால் அவர்களில் யாருக்கு இந்தத் தொழிலைப் பழக்குவார் என்பதையும் சேருங்கள். பரம்பரைத் தொழிலாளிக்குச் சான்றிதழ் இருக்காது. முன்பு வேலை செய்த கடைகளின் சேவைக் கடிதங்களும், செய்த வேலைகளின் படங்களும் வையுங்கள். அவருடைய பெயர் கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாத் தாளிலும் இருக்கட்டும். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போட்ட கடிதமும் முழுப் பெயராகப் போட்ட கடவுச்சீட்டும் சேர்ந்து பல விண்ணப்பங்களைத் தாமதமாக்கியிருக்கின்றன.

விசா வந்த பிறகும் அவர் உங்கள் கடைக்கு மட்டும்தான். இரண்டு கடை தள்ளி இருக்கும் மைத்துனருக்குத் தீபாவளி நெருக்கத்தில் ஒரு வாரம் அனுப்பலாமே என்று நினைப்பு வரும். முடியாது, விசாவில் மைத்துனரின் கடை இல்லை. சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதியும் கட்ட வேண்டும்: அவரிடம் 8 சதவீதம், உங்களிடம் 12, நம்பிக்கை நிதிக்கு மேலும் 3. அந்நியர் என்பதற்காக விலக்கு இல்லை. வதிவிட விசா வழக்கமாக ஒரு வருடத்துக்குத்தான், நீடிப்பு விண்ணப்பத்தை அது முடிவதற்கு முன்பே கொடுங்கள். நடுவில் அவர் வேலையை விட்டுப் போனால் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து விசாவை இரத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் இந்நாட்டில் எங்கே என்ன செய்தாலும், தாளில் அவரை வரவழைத்தவர் நீங்கள்தான்.